பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்திய பிறகு: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அனுபவங்கள்

மேடையோ மைக்கோ எழுத்தோ, நம்ம பக்கத்தில் உங்களுக்கு நேர்ந்த சந்திப்பு எதுவானாலும் இங்கே எழுதுங்கள். கேட்டவன் நானே ஆரம்பிக்கிறேன்.

நான் சிறுகதை எழுதுகிறவன். சோறு போடுவது டிஜே வேலை. தை பிறந்தால் முகூர்த்தம், பங்குனி சித்திரையில் திருவிழா. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் மாரியம்மன் இருக்கிறாள். மார்கழியில் ஒன்றுமே இல்லை. அதனால் என் கதைகள் எல்லாம் மார்கழியில் எழுதியவை. "இவர் கதைகளில் எப்போதும் பனி பெய்துகொண்டே இருக்கிறது, ஏதோ குறியீடு போலிருக்கிறது" என்று ஒரு நண்பர் மதிப்புரை எழுதினார். குறியீடும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு வேலை இல்லாத மாதம், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது பாலக்கோடு தாண்டி ஒரு கிராமத்தில் நடந்தது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம். பதினெட்டு நாளும் பகலில் பிரசங்கம், கடைசி நாட்களில் இரவெல்லாம் கூத்து. அன்றைக்குக் கர்ணன் சாகிற இரவு. ஊர்ப் பையன்கள் தனியாகக் காசு வசூலித்து, கூத்துக்கு முன்னால் ஏழிலிருந்து பத்து மணி வரை டிஜே வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சின்ன யானை வண்டியில் நாலு டாப், ரெண்டு பேஸ் என்று ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனேன். ஆட்டம் நன்றாகத்தான் போனது. பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு காவலர் பைக்கில் வந்து, பேசாமல் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். அந்த நாள் அதில் இல்லை. நிறுத்திவிட்டேன்.

என் ஸ்பீக்கரோடு கூத்துக்காரர்களின் மைக்கும் போய்விட்டது. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது, என்னால்தான் கூத்து கெட்டது என்று யாராவது கிளம்பிவிடுவார்களோ என்று. ஒப்பனைக் கொட்டகைக்குப் போனேன். கூத்து வாத்தியார் பாதி அரிதாரத்தில் இருந்தார். ஒரு கன்னம் சிவப்பு, இன்னொரு கன்னம் அவருடையது. மரக் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கீர்த்தியும் பக்கத்தில் பாயில் கிடந்தன.

"மன்னிச்சுக்குங்க வாத்தியாரே, மைக் இல்லாம..."

"மைக் எதுக்குச் சாமி? போய் உக்காரு. கடைசியில உக்காரு."

கடைசியில்தான் உட்கார்ந்தேன், புளியமரத்தடியில், என் பேஸ் பெட்டி மேலேயே. முதலில் முகவீணை. நாதஸ்வரத்தின் தம்பி மாதிரி சின்னதாக இருக்கும், சத்தம் காதைக் குத்தும். அப்புறம் ரெண்டு பேர் வேட்டியைத் திரையாகப் பிடிக்க, அதற்குப் பின்னால் கர்ணன் நின்று திரை விருத்தம் பாடினார். ஒரு சொல் தவறாமல் கேட்டது. எப்படி என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு வரி பாடி நிறுத்துகிறார். ஆர்மோனியப் பெட்டிக்காரர் பக்கத்தில் நிற்கும் பின்பாட்டுக்காரர் அதே வரியை எடுத்துத் திருப்பிப் பாடுகிறார். அதற்குள் கர்ணனுக்கு மூச்சு வந்துவிடுகிறது, நமக்கும் வரி மனதில் ஏறிவிடுகிறது. நான் கண்ட்ரோலரில் ஒரு பொத்தானை அமுக்கி லூப் போடுகிறேனே, அதை இவர்கள் தொண்டையில் போடுகிறார்கள்.

விடியற்காலை வாத்தியார் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "மைக் வந்த பிறகு பின்பாட்டுக்கு ஆள் வைக்கிறதே செலவுங்கறாங்க. ஆள் போனா நடிக்கிறவன் தொண்டையும் போகும்." அதற்கு மேல் பேசவில்லை, தூங்கப் போய்விட்டார். மறுநாள் படுகளம், பாரதப் போர் முடிகிற சடங்கு. மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் மல்லாந்து கிடந்தான். பீமன் தொடையில் அடித்ததும் திரௌபதி கூந்தலை முடித்தாள். பேசிய வேலை முடிந்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்து, இழுத்துக்கொண்டே இருந்த ஒரு கதையை எடுத்து, ஒவ்வொரு பத்தியையும் வாய்விட்டுப் படித்தேன். எங்கே மூச்சு முட்டியதோ அங்கே வெட்டினேன். பதினாலு பக்கம் ஒன்பது ஆனது.

இன்னொன்று, அம்மன் கோயிலில் வாசிக்கிற பம்பை மேளம். ஆடியில் ஒரு குழுவிடம் கேட்டுக்கொண்டு வாசிப்பைப் பதிவு செய்தேன், அடியில் பீட் சேர்த்துப் பார்க்கலாம் என்று. லேப்டாப்பில் போட்டால், மென்பொருள் அடிக்கு அடி போடும் தாளக் கோடு ஒன்றும் நிற்கவில்லை. அவர்கள் வாசிப்பது திஸ்ரம், தகிட தகிட என்று மூன்று மூன்றாக ஓடுகிறது. மென்பொருள் நாலு நாலாக எண்ணிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கி விழுகிறது. பம்பைக்காரரையே கேட்டேன்: "அண்ணா, இது என்ன வேகம்? நிமிஷத்துக்கு எத்தனை அடி?" அவர் உண்மையாகவே யோசித்துவிட்டு, "எந்தச் சாமிக்கு?" என்றார். சாமி இறங்குகிற வரைக்கும் வேகம் ஏறிக்கொண்டே போகும், இறங்கிவிட்டால் மாறும். நான் கோட்டைக் கையாலேயே நகர்த்தி நகர்த்தி வைத்தேன், ஆறு நிமிட வாசிப்புக்கு இரண்டு ராத்திரி.

இந்தப் பாட்டைப் போடுங்கள் என்று கல்யாணங்களில் தருகிற பாட்டுச் சீட்டுகளையும் சேர்த்து வைத்திருக்கிறேன். பத்திரிகை உறை, மொய்க்கவர், வெற்றிலை சுற்றிய தாள் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் எழுதித் தருவார்கள். ஓசூர்ப் பக்கம் போனால் ஒரே மண்டபத்தில் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் சீட்டு வரும். மாப்பிள்ளை வீட்டுக்கு ரெண்டு பாட்டு என்றால் பெண் வீட்டுக்கும் ரெண்டு, இல்லையென்றால் சாப்பாட்டுப் பந்தியில் தெரியும். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்தில் சின்னப் பையன் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். நோட்டுத்தாளில் கிழித்தது. "அண்ணா, பேஸ் மட்டும் கொஞ்சம் குறைங்க. நாளைக்குக் கணக்குப் பரீட்சை. பாட்டு பரவாயில்லை." எழுதியது யாரென்று தெரியவில்லை. பேஸைக் குறைத்ததற்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் திட்டினார்கள். அந்த வீட்டுக்காரர் பாக்கிப் பணத்தை இன்னும் தரவில்லை, அது வேறு கதை.

புத்தகத் திருவிழாவில் ஒருவர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். வாசகர் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். "எங்க தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டது நீங்கதானே!" புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இதுல பாட்டு இல்லீங்களா?" என்றார். ஆனாலும் வாங்கினார். அன்று விற்ற மூன்றில் ஒன்று அது.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

*

பறைக்காரன், காரிமங்கலம் பக்கம்:

அண்ணா, எங்கள் கதை தலைகீழ். டிஜே நிற்கும் மேடைக்குக் கீழே நாங்கள் ஆறு பேர். தூறல் விழுந்து தோல் தொய்ந்துபோனது. வைக்கோல் பற்றவைத்துக் காய்ச்ச வேண்டும், கால் மணி நேரம் ஆகும். டிஜே தம்பி சிரித்தார், "பெட்டியைத் தட்டினால் சத்தம் வரப்போகிறது, இதற்கு எதற்கு அடுப்பு" என்று. அப்புறம் மின்சாரம் போனது, அவருடைய ஜெனரேட்டர் பிடிக்கவில்லை. நாங்கள் காய்ச்சிய பறையோடு முக்கால் மணி நேரம் இழுத்தோம். நடுவில் அவரே இறங்கி வந்து தீயில் வைக்கோல் எடுத்துப் போட்டார். இப்போதெல்லாம் மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் தோல் மாட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கையில் சூடு இருக்காது.

*

மைக்செட் மகள், பென்னாகரம்:

எங்கள் அப்பா ரேடியோ செட் வைத்திருந்தார். புளியமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். முதல் இசைத்தட்டு சாமிப் பாட்டு, அதை மாற்றவே மாட்டார். ஒரு சாவு வீட்டில் தவறிப்போய்க் கல்யாணப் பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டார், ரெண்டு வரி ஓடிவிட்டது. ஊரே திரும்பிப் பார்த்ததாம். செத்துப்போன தாத்தாவின் மனைவிதான், "விடு, அவருக்குப் பிடிச்ச பாட்டுதான், முழுசும் ஓடட்டும்" என்றாராம். இதை யாராவது கதையாக எழுதுங்கள் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

*

கேட்டவன்:

அக்கா, எழுதினால் உங்களிடம்தான் முதலில் காட்டுவேன், ஆனால் மார்கழி வரை பொறுக்க வேண்டும். பறைக்கார அண்ணா, வெள்ளிக்கிழமை உங்கள் பக்கம்தான் வருகிறேன். வானம் மூடிக்கொண்டிருக்கிறது. வைக்கோல் எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.