சாக் (சைபர் செக்யூரிட்டி கண்காணிப்பு டீம்) இன்டர்ன்ஷிப் 3வது வாரம், அலர்ட் பாத்தே கண்ணு பூத்துடுச்சு. எல்லா இடத்துலயும் இப்படித்தானா?

ராத்திரிப்பூச்சி:
வணக்கம் மக்களே. கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல ஐடி தேர்ட் இயர், இப்ப சென்னைல ஒரு கம்பெனில சாக் டீம்ல இன்டர்ன். ஹாஸ்டல்ல காளி லினக்ஸ் (ஹேக்கிங் டூல்ஸ் நெறைஞ்ச ஓஎஸ்) போட்டு நாலு பசங்க முன்னாடி சீன் போட்டுட்டு பெரிய ஆளுன்ற நெனப்புலதான் வந்தேன், இங்க முதல் நாள்லேர்ந்து சீம் (எல்லா மெஷினோட பதிவையும் ஒரே எடத்துல சேத்து அலர்ட் குடுக்குற சாஃப்ட்வேர்) ஸ்கிரீன பாத்துட்டே உக்காந்துருக்கேன். போன வியாழன் ஒரே அக்கவுண்ட்ல 4625 வரிசையா விழுந்துருந்துச்சு (விண்டோஸ்ல லாகின் ஃபெயில் ஆனா வர்ற ஈவென்ட்), நைட் 8:30ல ஆரம்பிச்சு நிமிஷத்துக்கு ஒண்ணுனு 180க்கு மேல. ப்ரூட் ஃபோர்ஸேதான்னு (பாஸ்வேர்ட மாத்தி மாத்தி அடிச்சு உள்ள வரப் பாக்குற அட்டாக்) ஹை சிவியாரிட்டி டிக்கெட் போட்டு எல்2 அண்ணாவையும் (அடுத்த லெவல் சீனியர்) கூப்ட்டுட்டேன். அவரு டீ கப்ப கூட கீழ வைக்கல. "சீம் யுடிசில காட்டுதுடா, நம்ம டைமுக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டு"ன்னாரு (யுடிசினா உலகப் பொது நேரம்). கூட்டுனா ராத்திரி 2 மணி. பேக்கப் ஓடுற டைம். பேக்கப் ஜாப் லாகின் பண்ற சர்வீஸ் அக்கவுண்ட் பாஸ்வேர்ட முந்தின நாள் மாத்திருக்காங்க, ஜாப்ல பழசே கெடக்கு. மானம் போச்சு.

இதெல்லாம் பாத்தவுடனே எப்படி புடிக்கிறீங்க? அப்புறம் ஆஃபீஸ் நெட்வொர்க்ல என்மேப் (எந்த மெஷின், எந்த போர்ட் திறந்துருக்குனு துழாவுற டூல்) போட்டு பழகலாமா, சும்மா ஸ்கேன் மட்டும்தான்?

லாக்கு_பாண்டி:
தம்பி, 8 வருஷமா இதே பொழப்புதான். 4625 வந்தா எண்ணிக்கைய பாத்து பயப்படாத, லாகான் டைப்ப (எந்த வழியா லாகின் பண்ணப் பாத்தாங்கனு சொல்ற நம்பர்) பாரு. 10னா ரிமோட் டெஸ்க்டாப், 3னா நெட்வொர்க் வழியா, 4னா ஷெட்யூல் பண்ண ஜாப், 5னா சர்வீஸ். அடுத்து சோர்ஸ் ஐபி உள்ளதா வெளியதா. அப்புறம் அதே ஐபிலேர்ந்து பின்னாடியே 4624 (லாகின் சக்ஸஸ் ஆன ஈவென்ட்) வந்துருக்கா, வந்துருந்தா பாஸ்வேர்ட் சிக்கிடுச்சோனு பதறலாம். நிமிஷத்துக்கு ஒண்ணுனு கடிகாரம் மாதிரி விழுந்துச்சுன்ற, அங்கயே ஏதோ ஸ்கிரிப்ட்டுனு தெரிஞ்சுருக்கணும்.

ஆனா ஒண்ணு இடிக்குது. 180 தடவ தப்பா அடிச்சும் அக்கவுண்ட் லாக் ஆகலயா? டொமைன் கன்ட்ரோலர்ல (எல்லா அக்கவுண்ட்டையும் சரிபாக்குற சர்வர்) 4740, அதான் அக்கவுண்ட் லாக் ஆன ஈவென்ட், இருக்கானு பாரு.

வெட்டி_ஆபீசர்:
என்மேப்பா? ஐயா சாமி வேணாம். எழுத்துல பர்மிஷன் இல்லாம போட்டா "சும்மா"ன்ற வார்த்தையெல்லாம் எடுபடாது, ஐடி சட்டம் 43, 66னு பேச்சு போகும், 66ல 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 5 லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேத்தும் வரலாம். லேப்டாப்ல விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் (பழகுறதுக்குனே ஓட்டையோட செஞ்ச மெஷின்) ஏத்தி ஆசை தீர ஸ்கேன் பண்ணு.

டைம் மேட்டர லேசா எடுத்துக்காத. 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும், லாக் பதிவுகள 180 நாள் வச்சுருக்கணும். நீ கோட்ட விட்டது அஞ்சரை மணி நேரம். ரிப்போர்ட்ல அப்படி எழுதியிருந்தா யாரு பதில் சொல்றது?

மழைக்கால_தவளை:
நானும் இன்டர்ன்தான் நண்பா. எங்க கம்பெனியோட வல்னரபிலிட்டி ஸ்கேனரையே (நம்ம சிஸ்டத்துல ஓட்டை இருக்கானு நம்மளே தேடுற டூல்) அட்டாக்கர்னு நெனச்சு ஐபிய பிளாக் பண்ணச் சொல்லி மெயில் போட்டேன், அந்த டீம் ஹெட்ட சிசில வச்சு 😭

ராத்திரிப்பூச்சி:
@லாக்கு_பாண்டி அண்ணா, இன்னிக்கு பாத்தேன். லாகான் டைப் 3, உள்ள ஐபி, 4624 இல்ல, 4740ம் இல்ல. பேக்கப் நின்னுடக் கூடாதுனு அந்த அக்கவுண்ட்ட மட்டும் லாக்அவுட் பாலிசிலேர்ந்து (பல தடவ தப்பா அடிச்சா அக்கவுண்ட்ட பூட்டுற ரூல்) கழட்டி விட்ருக்காங்களாம். அப்ப உண்மையாவே எவனாவது உள்ள வந்து அடிச்சா எத்தன தடவ வேணா அடிக்கலாம்ல? எல்2 அண்ணாகிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் ஸ்கிரீனயே பாத்துட்டு "டிக்கெட் போடு"ன்னாரு. இந்த தடவ டைம ஐஎஸ்டில எழுதி ஏடி டீமுக்கு (அக்கவுண்ட், பாலிசியெல்லாம் பாத்துக்குறவங்க) போட்ருக்கேன், இன்னும் ஒருத்தரும் எடுக்கல.