வேலி தாண்டிய கோல்ஃப் பந்து: எங்கே வைத்து அடிப்பது?

பணகுடிக் காற்று:
பணகுடிக்குத் தெற்கே மாமனாரின் தரிசில் ஆறு குழி வெட்டி நானும் மச்சினனும் கோல்ஃப் ஆடுகிறோம். மூன்றாம் குழிக்குக் கிழக்கே கிளுவை வேலி, அதற்கு அப்பால் அடுத்தவர் வாழைத்தோட்டம். ஆடிக் காற்று மேற்கிலிருந்து தள்ளுகிற தள்ளில் நேராக அடித்த பந்தும் வாழைக்குள்தான் போய் விழுகிறது. நேற்று மச்சினன் பந்து அப்படிப் போனது. வேலி ஓரத்தில் ஒரு பந்தைப் போட்டு, "ஒரு அடி அபராதம், தீர்ந்தது கணக்கு" என்கிறான். தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்களே அப்படித்தான் செய்கிறார்களாம். அடித்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது என் கட்சி. எது சரி? உடைமுள்ளுக்குள் எவ்வளவு நேரம் தேடலாம் என்பதையும் சொல்லுங்கள். தோற்றவர் கருப்பட்டிக் காப்பி வாங்கித் தர வேண்டும்.

பாளை வாத்தியார்:
அண்ணாச்சி, வழக்கு உங்கள் பக்கம். எல்லை தாண்டிய பந்துக்கும் தொலைந்த பந்துக்கும் கோல்ஃபின் 18ஆம் விதியில் ஒரே தீர்ப்புதான்: ஓர் அடி அபராதம், முன்பு அடித்த இடத்திலிருந்தே மறுபடி ஆட வேண்டும். ஆக முதல் அடியிலேயே பந்து போய்விட்டால், அபராதத்தையும் சேர்த்து அடுத்து அடிப்பது மூன்றாவது அடி. மச்சினன் பார்த்தது சிவப்புக் குச்சி நட்ட இடமாக இருக்கும். குளம், ஓடை மாதிரி. அங்கேதான் பந்து கடைசியாக அந்தப் பகுதியின் ஓரத்தைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் (அடிக்கும் மட்டை) நீளத்துக்குள், குழிக்குக் கிட்டே போகாமல், ஓர் அடி அபராதத்தோடு போட்டுக்கொள்ளலாம். ஆட்ட எல்லையைக் காட்டும் வெள்ளைக் குச்சிக்கும் வேலிக்கும் அந்தச் சலுகை கிடையாது.

தேடலுக்கு மூன்று நிமிடம். 2019க்கு முன்பு ஐந்து. நான்காவது நிமிடத்தில் பந்து உங்கள் காலடியிலேயே கிடந்தாலும் அது தொலைந்த பந்துதான்.

போன போக்கு சரியில்லை என்று பட்டால், தேடக் கிளம்பும் முன்பே "தற்காலிகப் பந்து" என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்றை அடித்துவையுங்கள். "இன்னொன்று அடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. அப்படிச் சொல்லி அடித்துவிட்டால், முதல் பந்து பிறகு உள்ளேயே கிடைத்தாலும் செல்லாது.

வேலியை ஒட்டிக் கிடக்கும் பந்தின் ஓரம் இந்தப் பக்கத்துத் தரையைத் தொட்டிருந்தாலே அது உள்ளேதான். அடிக்க இடைஞ்சல் என்று கிளுவைக் கொம்பை மட்டும் வளைத்துப் பிடிக்காதீர்கள். எல்லை வேலி எல்லைச்சாமி மாதிரி, கை வைக்கக் கூடாது.

வள்ளியூர் நண்பன்:
வாத்தியார் சொன்னது மூல விதி. 2019 முதல் இன்னொரு வழியும் உண்டு. உள்ளூர் விதியாக முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால், அடித்த இடத்துக்குத் திரும்பாமல், இரண்டு அடி அபராதத்தோடு முன்னாலிருந்தே ஆடலாம். பந்து வேலியைத் தாண்டிய இடத்தைக் குத்துமதிப்பாகக் குறித்துக்கொண்டு, குழிக்குக் கிட்டே போகாமல் பக்கத்து ஃபேர்வே (புல்லைக் கட்டையாக வெட்டிய ஆடுபாதை) ஓரத்துக்கு வாருங்கள். அங்கிருந்து ஃபேர்வேக்குள் இரண்டு கிளப் நீளம் வரை போடலாம். முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும். தோள் உயரம் பழைய கதை. அடுத்தது நான்காவது அடி. தற்காலிகப் பந்து அடித்திருந்தால் இந்த வழி கிடையாது. உங்கள் ஊர்க் காற்றுக்கு இதுதான் தோது.

பணகுடிக் காற்று:
எங்கள் நிலத்தில் ஃபேர்வே என்றால் ஆடு மேய்ந்த இடம்தான். அது செல்லுமா?

பாளை வாத்தியார்:
செல்லாது. ஆடு நாளைக்கு வேறு பக்கம் மேயும். சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். கிடந்த பந்தை ஆடு தள்ளிவிட்டது நிச்சயமாகத் தெரிந்தால் அபராதம் இல்லை. இருந்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். வாழைக்குள் பந்து எடுக்கப் போவதாக இருந்தால் தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். காற்றுக்காக முட்டுக் கம்பு கொடுத்து நிறுத்தியிருப்பார், அதில் இடித்துவிடாதீர்கள்.