கஜா புயல் நிவாரணம் (2018): சாயாமல் நிற்கும் தென்னை கணக்கில் வருமா?

பேராவூரணித் தோப்பு:
வணக்கம். எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு. நவம்பர் 16 விடியற்காலை அடித்த காற்றில் 94 மரம் சாய்ந்துவிட்டது. இன்னும் 31 மரம் நிற்கிறது, ஆனால் கொண்டை முறுக்கி, மட்டையெல்லாம் ஒரே பக்கமாகத் தொங்குகிறது. கணக்கெடுக்க வந்தவர்கள் விழுந்ததை மட்டும் எழுதிக்கொண்டு போனார்கள். மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்திருக்கிறது. 31 மரத்துக்கு 34,100 ரூபாய் விடுபடுகிறது. பட்டா இன்னும் அப்பா பெயரில். அவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது.

மாமாவின் மரவாடியிலும் கூரை பறந்து தேக்குப் பலகையெல்லாம் நனைந்து கிடக்கிறது. அதற்கும் நிவாரணம் கிடைக்குமா?

வடகாடு விவசாயி:
தம்பி, அந்த 31 மரத்தையும் இப்போதைக்கு வெட்டிவிடாதீர்கள். வெட்டிவிட்டால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

தென்னைக்கு வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்றுதான். அது முறிந்தால் பக்கத்தில் துளிர்க்காது. ஆள் ஏற்றி நடுக்குருத்தை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் தோப்பில் நேற்று இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் கூழாகி, புளித்த நாற்றம். இருபது வருடம் காய்த்த மரம் தம்பி, பார்க்கவே முடியவில்லை. அப்படி வந்தால் நிற்கிறது என்று பேர்தான், மரம் போய்விட்டது.

அடிமரத்தில் சுண்ணாம்பால் எண் போடுங்கள். எண்ணும் கொண்டையும் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். அப்புறம் புல எண், மர எண்ணிக்கை எழுதி வட்டாட்சியருக்கு ஒரு மனு, வேளாண் உதவி இயக்குநருக்கு ஒரு நகல். மறு ஆய்வு வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

விழுந்ததை எழுதியாகிவிட்டது என்றால் சீக்கிரம் அப்புறப்படுத்துங்கள். மட்கும் தண்டில்தான் காண்டாமிருக வண்டு பெருகும், நாளை வைக்கிற கன்றுக்கு அதுதான் எமன்.

பழைய கணக்கர்:
பட்டா விஷயம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் வேண்டும். அம்மா கணக்கில் பணம் வரட்டும் என்றால் மற்ற வாரிசுகள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வைத்துவிடுங்கள். பணம் திரும்பிப் போவது பெரும்பாலும் சின்னத் தவறால்தான்: ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு, அல்லது வருடக்கணக்கில் வரவு செலவு இல்லாமல் முடங்கிப்போன கணக்கு. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் தென்னை என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மரவாடிக்காரர்:
தம்பி, மர நிவாரணம் நிலத்தில் நின்ற மரத்துக்கு. வாடியில் அடுக்கிய பலகை வியாபாரச் சரக்கு, அது இந்தக் கணக்கில் வராது. மாமா வங்கிக் கடனில் நடத்துகிறாரா? அப்படியானால் சரக்குக்குத் தீ காப்பீடு போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த பாலிசியில் பொதுவாகப் புயல், வெள்ளச் சேதமும் சேர்ந்தே இருக்கும். உடனே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை நனைந்த பலகையை விற்க வேண்டாம், இருப்புப் புத்தகத்தைப் பத்திரமாக எடுத்து வைக்கட்டும்.

பேராவூரணித் தோப்பு:
மிக்க நன்றி அண்ணே, எல்லோருக்கும். மாமாவுக்கு பாலிசி இருக்கிறது, நேற்றே கடிதம் கொடுத்துவிட்டார். நானும் அம்மாவும் இன்று சுண்ணாம்பு வாளியோடு தோப்பைச் சுற்றி வந்தோம். 31 இல்லை, 33. மனு கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டேன். புதன்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.