ஓடிக்கொண்டிருக்கிற ஜாவா புரோகிராமுக்குள் ஒரு மதிப்பைப் பார்க்க வேண்டும், அவசரம்

நிலாவெளி_தம்பி:
ஒரு ஹோட்டலுக்கு புக்கிங் சிஸ்டம் எழுதிக் கொடுத்தேன், தங்குகிற நாளுக்கு 7 நாள் முந்தி புக் பண்ணினால் தள்ளுபடி, லைவ் சேர்வரில் மட்டும் சிலருக்குத் தகுதி இல்லாமலே தள்ளுபடி விழுகிறது, என் லப்டொப்பில் எத்தனை தரம் போட்டாலும் கணக்குச் சரி. சீசன் நேரம், நிறுத்த முதலாளி விடமாட்டார். ஓடும்போதே தள்ளுபடி போடுகிற மெதட்டுக்குள் (கோடின் அந்தப் பகுதிக்குள்) என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓடுகிற ஜாவாவுக்குள் பார்க்க உதவும் ஆர்தாஸ் என்ற கருவியைப் போட்டேன், புரோகிராமோடு இணையவில்லை, அதாவது அட்டாச் ஆகவில்லை. யாராவது சொல்லுங்கள்.

உப்புவெளி_அக்கா:
தம்பி, எந்த ஜாவா? டொக்கர் என்கிற தனிப்பெட்டிக்குள்ளா வெளியிலா? புரோகிராம் எந்த யூசரில் ஓடுகிறது, நீங்கள் எந்த யூசராக உள்ளே போனீர்கள்? என்ன எரர் வந்தது?

மூதூர்க்காரன்:
இது கேஷ்தான், தற்காலிகச் சேமிப்பு. அதை வைத்திருக்கிற ரெடிஸில் பழைய விலை நிற்கும், அழித்துவிட்டுப் பாருங்கள்.

டொக்யாட்_வீதி:
ஒழுங்காக லொக் (நடப்பதை எழுதிவைக்கிற பதிவு) எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வராது. அட்டாச் எப்படி வேலை செய்கிறது என்று படித்துவிட்டு வாருங்கள், இதற்கு இங்கே பலமுறை எழுதியாயிற்று.

நிலாவெளி_தம்பி:
ஜாவா 8. டொக்கர் இல்லை, ரெடிஸும் இல்லை. எல்லா உரிமையும் உள்ள ரூட் யூசராகத்தான் போனேன், ஆர்தாஸும் புரோகிராமும் பேசிக்கொள்கிற சொக்கெட் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்கிறது.

உப்புவெளி_அக்கா:
அதுதான் காரணம். ஜாவா 8 வழக்கமாக, அட்டாச் கேட்கிறவர் தன்னுடைய அதே யூசரா என்று பார்க்கும், வேறு யாராக இருந்தாலும், ரூட்டாகவே இருந்தாலும், கதவைத் திறக்காது. புரோகிராம் ஓடுகிற யூசராக மாறி ஆர்தாஸைத் தொடங்குங்கள். அப்பவும் வரவில்லை என்றால் புரோகிராமைத் தொடக்கிவைக்கிற சிஸ்டம்டியின் ஃபைலில் பிரைவேட் டெம்ப் போட்டிருக்கிறதா பாருங்கள், போட்டிருந்தால் இரண்டு பேருக்கும் வேறு வேறு டெம்ப் ஃபோல்டர், சொக்கெட் கண்ணில் படாது. உள்ளே போனதும் வாட்ச் கட்டளையில் மெதட்டுக்குப் போகிற மதிப்பையும் திரும்பி வருகிறதையும் பாருங்கள், ஆனால் எத்தனை தரம் என்று எல்லை வைக்க வேண்டும். முடிந்ததும் ஸ்டொப் கொடுங்கள், குவிட் கொடுத்தால் ஆர்தாஸ் உள்ளேயே இருந்துவிடும்.

மூதூர்க்காரன்:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? 5005இல் டிபக் போர்ட்டை (பிழை தேட வெளியிலிருந்து இணைகிற வாசலை) திறந்து வைத்துவிட்டு, கோட் எழுதுகிற ஐடிஈயில் இருந்தே எக்ஸ்பிரஷன் (ஒரு வரிக் கோட்) போடலாம்.

உப்புவெளி_அக்கா:
அதைத் திறக்க எப்படியும் ரீஸ்டார்ட் வேண்டும், தம்பியால் அதுதான் முடியாது. அந்த போர்ட்டுக்குப் பாஸ்வேர்டும் இல்லை, இணையத்தில் இருந்து எட்டினால் யாரும் தங்கள் கோடை ஓட்டலாம். பிரேக்பொயின்ட் (கோடை நிறுத்திப் பார்க்கிற இடம்) வைத்தால் வழக்கமாக எல்லா த்ரெட்டும், அதாவது ஒரே நேரத்தில் ஓடுகிற எல்லா வேலையும், நின்றுவிடும், புக் பண்ணுகிற வெள்ளைக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டொக்யாட்_வீதி:
ஆர்தாஸ் மட்டும் பாதுகாப்பா? அதில் ஓடுவது ஓஜிஎன்எல் என்கிற எக்ஸ்பிரஷன் மொழி. 2017இல் அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனம் ஈக்விஃபாக்ஸை உடைத்தது, ஜாவா வலைத்தளங்களுக்கான ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த இதே ஓஜிஎன்எல் ஓட்டைதான். லைவில் எக்ஸ்பிரஷன் ஓட்டுகிற பழக்கத்தையே நான் ஏற்கமாட்டேன்.

உப்புவெளி_அக்கா:
ஸ்ட்ரட்ஸில் வெளியாள் அனுப்பிய சரத்தை சேர்வரே ஓட்டியது. இங்கே சேர்வருக்குள் உரிமையோடு இருப்பவர் தானே தட்டுகிறார், இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் பயப்பட வேண்டியது எக்ஸ்பிரஷனின் பக்கவிளைவுக்கு. மதிப்பை எடுத்துத் தர மட்டும் என்று கெட்டர் எனப் பெயர் வைத்த மெதட்டே டேட்டாபேஸுக்குப் போய்வரும். விலை போடுகிற மெதட்டைக் கையால் கூப்பிட்டால் உண்மையான புக்கிங் ஒன்று பதிவாகிவிடலாம். ஃபீல்டை (சேமித்து வைத்த மதிப்பை) மட்டும் வாசியுங்கள், மெதட்டைக் கூப்பிடாதீர்கள்.

டொக்யாட்_வீதி:
லொக் இருந்தால் இதெல்லாம் தேவையில்லை என்றுதான் இப்பவும் சொல்கிறேன்.

கிண்ணியா_நானா:
சண்டையை விடுங்கள். தம்பி, பிழையாக விழுந்த புக்கிங் எல்லாம் எத்தனை மணிக்கு வந்தவை? நள்ளிரவு தாண்டி விடிய ஐந்தரைக்குள் என்றால் சேர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறது. நம்முடைய நேரம் அதைவிட 5:30 முந்தியது, அந்த இடைவெளியில் சேர்வருக்கு இன்னும் நேற்று, அதனால் 6 நாள் அதற்கு 7 நாளாகத் தெரியும். கோடையில் ஜெர்மனியில் இரவு 9 மணிக்கு ஒருவர் புக் பண்ணினால் இங்கே 12:30. உங்கள் லப்டொப் கொழும்பு நேரத்தில் இருப்பதால் அங்கே ஒருநாளும் பிழை காட்டாது. உள்ளே போனதும் டைம்ஸோனின் டிஃபோல்ட் (புரோகிராம் தானாக எடுத்துக்கொள்கிற நேர வலயம்) என்ன என்று ஒரு வரி கேளுங்கள், அந்த அழைப்பால் ஒன்றும் மாறாது.

மூதூர்க்காரன்:
அப்படியென்றால் அதே இடத்தில் டிஃபோல்ட்டை கொழும்பு என்று மாற்றிவிடலாமே, ரீஸ்டார்ட்டும் வேண்டாம்.

டொக்யாட்_வீதி:
கூடாது. ஏற்கெனவே உருவான, தேதியை எழுதிக் காட்டுகிற ஃபோர்மேட்டர்கள் பழைய ஸோனையே வைத்திருக்கும், புதியவை வேறு நேரம் சொல்லும், ஒரே புரோகிராமுக்குள் இரண்டு நாள் ஓடும். அடுத்த ரீஸ்டார்ட்டில் மாற்றமும் போய்விடும். தள்ளுபடி கணக்கில் கொழும்பு ஸோனைக் கோடிலேயே எழுதி, ஆள் குறைந்த நேரம் பார்த்து ஏற்றுங்கள்.

உப்புவெளி_அக்கா:
இதில் நானும் உங்கள் பக்கம். தம்பி, என்ன நடந்தது?

நிலாவெளி_தம்பி:
யூசரை மாற்றியதும் அட்டாச் ஆனது. யூடிசிதான். நானாவுக்கும் அக்காவுக்கும் நன்றி, இப்போது முதலாளி கூப்பிடுகிறார்.

கிண்ணியா_நானா:
ஸ்டொப் கொடுத்தீர்களா?