‘ப்ளடி’ உங்க வாழ்க்கையில் எங்கே வந்து விழுந்தது? அனுபவம் சொல்லுங்க

மெல்பர்ன் மெஸ்காரன்

எங்க வீட்டில் இந்த வார்த்தை அப்பாவோட தனிச்சொத்து. மில் வேலை. கோபம் தலைக்கேறினா அவருக்குத் தமிழ் தீர்ந்துபோகும், “ப்ளடி ராஸ்கல்!” வரும். அடுத்து பெல்ட் வரும். அதனால ப்ளடின்னு காதுல விழுந்தாலே என் முதுகு தானா சுருங்கிக்கும்.

2006இல் மெல்பர்ன் வந்து ஒரு குடோனில் சேர்ந்தேன். மூணாம் நாள். பெட்டிகளை பேலட்டில் அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி நிமிர்றேன், சூப்பர்வைசர் நிக்கிறார். ஆறேகால் அடி, கை முழுக்கப் பச்சை குத்தல். பேலட்டை ஒரு சுத்து சுத்தி வந்தார். மூலையை விரலால தட்டிப் பார்த்தார். “ப்ளடி பியூட்டிஃபுல், மேட்” என்றார். எனக்கு முதல் வார்த்தை மட்டும்தான் கேட்டுச்சு. “சாரி சார், பிரிச்சு மறுபடி அடுக்கிடறேன்”னு தாளைக் கிழிக்கவே ஆரம்பிச்சுட்டேன். மனுஷன் பதறிப்போய் என் கையைப் பிடிச்சார். விஷயம் புரிஞ்சதும் சிரிச்ச சிரிப்பு குடோனே கேட்டது. ரெண்டு வாரம் என் பேரே “ப்ளடி சாரி”தான்.

எங்க அப்பத்தா “பாழாப்போன பஸ்சு”, “பாழாப்போன மழை”ன்னு சொல்லும். எந்த பஸ்சும் பாழாப்போகலை. அந்த ஊர் ‘ப்ளடி’யும் அப்படித்தான், ரத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. என்ன, அப்பத்தா “பாழாப்போன அழகு”ன்னு சொல்லி நான் கேட்டதில்லை. இவங்க சொல்றாங்க.

உங்க கதையைச் சொல்லுங்க.

நைட் டியூட்டி

யார்க்‌ஷயர் பக்கம், இங்கிலாந்தில், நர்ஸா இருக்கேன். வந்த புதுசு. எண்பத்து நாலு வயசுப் பாட்டிக்கு டீ கொடுத்தேன். ஒரு வாய் குடிச்சுட்டு “ப்ளடி ஹெல், லவ்!”னாங்க. நான் போய் நோட்ஸில் “நோயாளி தகாத வார்த்தை பேசினார்”னு எழுதி வெச்சுட்டேன். காலையில் சிஸ்டர் கூப்பிட்டாங்க. “யாரைச் சொன்னாங்க, உன்னையா, டீயையா?”

“டீயைத்தான்.”

“அப்ப டீயை மாத்து. நோட்ஸை ஏன் கெடுக்கிறே?”

பொருளைச் சொன்னா சும்மா, ஆளைப் பார்த்து “யூ ப்ளடி...”ன்னு ஆரம்பிச்சாதான் சண்டை. எனக்கு இது பிடிபட ஆறு மாசம் ஆச்சு. பாட்டி சொன்னதும் நியாயம்தான், சர்க்கரைக்குப் பதில் ஒண்ணுமே போடலை நான்.

கட்டபொம்மன் தெரு

எங்கப்பாவும் ‘ப்ளடி ஃபூல்’ கட்சி. வேற இங்கிலீஷ் தெரியாது.

ரிட்டயர்டு வாத்தியார்

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ பாடம். பூக்காரப் பெண்ணுக்குச் சீமாட்டி மாதிரி பேசக் கற்றுக்கொடுத்துப் பெரிய வீட்டு விருந்துக்கு அழைத்துப் போவார்கள். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். பூங்கா வழியாக நடந்தா போகப்போகிறாய் என்று ஒருவன் கேட்பான். “நாட் ப்ளடி லைக்லி!” என்பாள், டாக்ஸியில் போகிறேன் என்பாள். அந்த வரி வந்ததும் எனக்கு இருமல் வந்துவிடும், வருடா வருடம். ஒரு தடவை முதல் பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்து, “சார், ஒரு வார்த்தை விட்டுப்போச்சு” என்றாள். வகுப்பே குனிந்துகொண்டது. வாசித்துத்தான் தீர வேண்டியிருந்தது.

நான் இருமியதாவது தனிப்பட்ட கோழைத்தனம். 1914 ஏப்ரல் 11 அன்று லண்டன் ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டரில் நடிகை மிஸஸ் பேட்ரிக் கேம்ப்பெல் அந்த வரியைச் சொன்னபோது சிரிப்பு அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனதாம். மேடையில் அந்த வார்த்தையா என்று பத்திரிகைகளில் அமளி. அப்புறம் ஊரில் “நாட் பிக்மேலியன் லைக்லி” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள், நாடகத்தின் பெயரே இடக்கரடக்கல் ஆகிவிட்டது.

இதில் வேடிக்கை, அதற்கு இருநூறு வருடம் முன்னால் இது அவ்வளவு கெட்ட வார்த்தையே இல்லை. ஜோனதன் ஸ்விஃப்ட், மதகுரு ஐயா அவர், 1711இல் லண்டனிலிருந்து அயர்லாந்திலிருந்த தோழிக்கு எழுதிய கடிதத்தில், இன்று நடக்கையில் “ப்ளடி ஹாட்” என்கிறார். பிறகு வார்த்தை தெருவுக்கு இறங்கியது. 1880களில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இதைக் கீழ்த்தட்டு மக்களின் வாயில் ஓயாமல் புழங்குவது, மரியாதைப்பட்டவர்களுக்கு அருவருப்பானது என்று குறித்தது. பத்திரிகைகள் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் போட்டு நடுவில் கோடு இழுத்தன. 1887இல் கில்பர்ட்டும் சல்லிவனும் ‘ரடிகோர்’ என்று ஓர் இசைநாடகம் போட்டார்கள். ‘ரடி’ என்றால் சிவப்பு, ‘கோர்’ என்றால் உறைந்த ரத்தம். அந்த வாடையே ஆகாது என்று முணுமுணுப்பு வர, பெயரில் ஓர் எழுத்தை மாற்றினார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுதான்!

இப்போது? 2016இல் பிரிட்டனின் ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் இதை ‘மென்மை’ வரிசையில் வைத்துவிட்டது. மாதா மேல் ஆணையிடும் ‘பை அவர் லேடி’ மருவி ‘ப்ளடி’ வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. அந்த பேட்ச் மாணவர்கள் யாராவது இங்கே இருந்தால் மன்னிக்கவும்.

சிட்னி லாரி

வாத்தியார் சார், ஆஸ்திரேலியாக்காரன் இதை வார்த்தைக்கு முன்னாடி வெச்சு திருப்திப்பட மாட்டான், வார்த்தையை உடைச்சு உள்ளேயே சொருகுவான். ‘அப்சொ-ப்ளடி-லூட்லி’. நியூ சவுத் வேல்ஸில் டும்பரும்பான்னு ஒரு ஊர். அது ‘டும்ப-ப்ளடி-ரும்பா’ன்னு ஒரு கவிதையிலேயே ஏறிடுச்சு. கண்ட இடத்துல சொருக முடியாது, அழுத்தி உச்சரிக்கிற அசைக்கு முன்னாடிதான்.

என்கூட ஓட்டுற ஒருத்தன்கிட்ட எங்க ஊர் பேரைச் சொல்லிப் பார்த்தேன். வாழ்க்கையில் கேட்டே இருக்க மாட்டான். ஒரு நொடி வாய்க்குள்ள மென்னுட்டு, “திருநெல்-ப்ளடி-வேலி!”ன்னான். தாமிரபரணித் தண்ணி குடிச்சவன் மாதிரி சரியா வேலிக்கு முன்னாடி வெட்டினான் சார். அப்புறம் தூத்துக்குடி, அம்பாசமுத்திரம்னு கான்பெரா வரைக்கும் அதே வேலைதான்.

மெஸ்காரரே, நீங்க வந்த அதே 2006இல்தான் டூரிசம் ஆஸ்திரேலியா விளம்பரம், “வேர் த ப்ளடி ஹெல் ஆர் யூ?” எங்கப்பா போய்த் தொலைஞ்சீங்க, வாங்கன்னு கூப்பிடுறது. பிரிட்டனில் டிவியில் காட்டக்கூடாதுன்னுட்டாங்க. வார்த்தையைக் கப்பல்ல ஏத்தி அனுப்புனதே அவங்கதானே! சுற்றுலா அமைச்சர் லண்டனுக்கே போய்ப் பேச, தடையைத் தளர்த்தினாங்க. அந்த நிறுவனத்துக்கு அப்போ நிர்வாக இயக்குநரா இருந்த ஸ்காட் மாரிசன் 2018இல் பிரதமரே ஆயிட்டார்.

மெல்பர்ன் மெஸ்காரன்

லாரி அண்ணே, எங்க விக்டோரியாவில் அரசு இன்னும் ஒரு படி மேல. சாலை விபத்து ஆணையம் 1989இல் கொண்டுவந்த வாசகம்: “குடிச்சுட்டு வண்டி ஓட்டினா யூ ஆர் எ ப்ளடி இடியட்.” நைட் டியூட்டி அக்கா சொன்ன கணக்குப்படி பார்த்தா இது நேரா ஆளைப் பார்த்துத்தான்.

2009இல் அப்பா வந்திருந்தார். பெல்ட் எல்லாம் பழங்கதை, கீழ உட்கார்ந்தா எழுந்திருக்கக் கை கொடுக்கணும். ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிட்டு வர்றேன், வழியில் அந்த போர்டு. எழுத்துக் கூட்டி மெதுவா படிச்சார்.

“கவர்ன்மென்ட்டா எழுதியிருக்கு?”

“ஆமாப்பா.”

கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துட்டு வந்தார். அப்புறம் சொன்னார், “ராஸ்கல் விட்டுப்போச்சே.”