புதுப்பிப்பு: எக்கோ சவுண்டர் சரக்கு நாகை வந்து சேர்ந்துவிட்டது

சீனத் தொழிற்சாலையிலிருந்து மொத்தமாக வாங்கிய எக்கோ சவுண்டர்கள் (ஒலி அனுப்பிக் கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் படகுக் கருவி) வழியில் எங்கே நிற்கின்றன என்றே தெரியவில்லை என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். நேற்று அக்கரைப்பேட்டையில் வந்து இறங்கிவிட்டன.

சரக்கைத் தேட முடியாமல் போன சிக்கல் இதுதான். எங்களுடையது முழு கன்டெய்னர் இல்லை, பலருடைய சரக்கோடு சேர்ந்து வந்தது. அப்படி வந்தால் ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்ட்) நமக்குத் தருவது ஹவுஸ் பில் எண், அதாவது அவரே போடும் சரக்குச் சீட்டின் எண். அதைக் கப்பல் கம்பெனியின் தளத்தில் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. கப்பல் கம்பெனி ஃபார்வர்டருக்குத் தரும் மாஸ்டர் பில் எண்ணோ, நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட கன்டெய்னர் எண்ணோ வேண்டும். இங்கே ஒரு அண்ணன் சொன்னபடி அதைக் கேட்டு வாங்கிப் போட்டதும், கொழும்பில் அடுத்த கப்பலுக்காகக் காத்திருப்பது தெரிந்தது. ரொம்ப நன்றி அண்ணா!

சென்னையில் சுங்கம் முடிந்து லாரி ஏறியது. லாரியில் சரக்கு கொண்டுபோக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும், நாகைக்கு இரண்டு நாள் கிடைத்தது.

ஒரு பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. இறக்கும்போதே டெலிவரி சீட்டில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம், இதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது. படகு கரையேறி நிற்கும்போதே அடியில் டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) மாட்டியாக வேண்டும். முதல் படகில் இன்று வேலை ஆரம்பம்.