சிறு பிள்ளைகளுக்குச் சீன, மலாய், தாய்லாந்து உணவுகளை வெளியே சாப்பிடும்போது பழக்குவது எப்படி?

தோட்டத்துத் தாய் (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். எங்கள் மகளுக்கு நான்கு வயது, இளையவனுக்கு இரண்டு. வீட்டில் சோறு, பருப்பு, மீன் குழம்பு எல்லாம் சாப்பிடும் இவர்கள், பட்டணத்துக் கோப்பிக்கடையில் அமர்ந்தால் ரொட்டி சானாயையும் பொரித்த கோழியையும் தவிர எதையும் தொட மறுக்கிறார்கள். நாளை பாலர் பள்ளி, பண்டிகைக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்பு என்று பல இனத்தாரோடு ஒரே மேசையில் அமர வேண்டியவர்கள் என்பதால் இப்போதே பழக்க விரும்புகிறேன். நாங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை. எதில் தொடங்கலாம், எதைத் தள்ளி வைக்கலாம்?

கோப்பிக்கடைச் சமையற்காரர்:
மெல்லிய அரிசிச் சேமியாவான மீஹூன் சூப்பில் தொடங்குங்கள், அம்மா. இடியாப்பம் தின்று பழகிய வாய்க்கு அது அந்நியமாகத் தோன்றாது. அடுத்தது நாசி ஆயாம் என்னும் கோழிச் சோறு. கோழி வேகவைத்த நீரில் இஞ்சியும் பூண்டும் சேர்த்துச் சமைத்த சோறு என்பதால் மணம் இருக்கும், காரம் இருக்காது, மிளகாய்ச் சாந்து எப்போதும் தனியாகத்தான் வரும். வேகவைத்த தௌஃபூவும் (சோயாக் கட்டி) முட்டையும் இளையவனுக்கு ஏற்றவை. சொல்லும்போதே "குவா ஆசிங், தாக் மாவ் பெடாஸ்" (குழம்பு தனியாக, காரம் வேண்டாம்) என்று மலாயில் சொல்லிவிட்டால் குழம்பு தனிக் கிண்ணத்தில் வரும். மலாய்க் கடைகளில் சூப் தூலாங் மாட்டெலும்பில் கொதிப்பது. கோழி சூப் கேட்டாலும் எந்த எலும்பின் சாறு என்று விசாரிப்பது நல்லது. சீனர் கடைகளில் சார் கொய்த்தியாவ் என்னும் தட்டை அரிசி நூடுல்ஸைப் பன்றிக் கொழுப்பில் வறுக்கும் வழக்கம் உண்டு. அது உங்களுக்கு ஆகாது என்றால் முன்கூட்டியே கேளுங்கள். தாய்லாந்து சூப்பான தோம் யாம் மட்டும் பொறுக்கட்டும். அதில் புளிப்பும் காரமும் ஒன்றாக ஏறியிருப்பதால், பின்னர் காரத்தைக் கழித்துக் கொடுக்க வழியில்லை.

தாதி, பேராக்:
உணவைவிட அதன் வடிவத்தைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சூப்பில் வரும் மீன் உருண்டை பந்துபோலவும் வழுக்கலாகவும் மீள்தன்மையோடும் இருப்பதால் சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடக்கூடியது. அதை நீளவாக்கில் நான்காக நறுக்கியே கொடுங்கள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் முழு நிலக்கடலையையும் இந்த வயதில் எடுத்துவிடுங்கள். ஆனால் கடலை என்றாலே ஒவ்வாமை என்று அஞ்சி சுட்ட இறைச்சிக் குச்சியான சாத்தேயுடன் வரும் கடலைக் குழம்பையும் மறுக்க வேண்டியதில்லை. ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த 640 கைக்குழந்தைகளை வைத்து நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், முதல் வயதிலிருந்தே கடலை உணவைத் தொடர்ந்து உண்டவர்களிடையே அந்த ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. கடுமையான தோல் அரிப்போ முட்டை ஒவ்வாமையோ உள்ள பிள்ளையானால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பெலாச்சான் என்னும் சாந்து இறாலில் செய்வது என்பதையும், சம்பால் என்னும் மிளகாய்ச் சாந்திலும் கங்குங் கீரையிலும் அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

அரைவேக்காட்டுக் கெராங் சிப்பி வேண்டவே வேண்டாம். 1988-இல் ஷாங்காய் நகரில் சரியாக வேகாத சிப்பிகளை உண்டதால் ஏறத்தாழ 300,000 பேர் ஹெப்பட்டைட்டிஸ் ஏ என்னும் கல்லீரல் நோய்க்கு ஆளானார்கள். சுஷிக் கடைக்குப் போனால் முட்டை, வெள்ளரிக்காய் வைத்தவற்றை எடுங்கள். பச்சை மீன் வளர்ந்த பிறகு ஆகட்டும்.

பேரன் பேத்தி எடுத்தவள்:
கட்டாயப்படுத்தாதீர்கள், மகளே. புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் மிகுதி. ஒரே உணவைப் பத்துப் பதினைந்து முறை கண்ணில் காட்டிய பிறகே சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். என் பேத்தி, மாவுத் தோலில் இறைச்சி பொதிந்த வாந்தானைக் கரண்டியால் பிரித்து, மேல்தோலை மட்டும் உறிஞ்சிவிட்டு உள்ளிருக்கும் இறைச்சியைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைப்பாள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை, பல வாரங்கள் கழித்து அவளாகவே ஒன்றை வாயில் போட்டாள். பிள்ளைக்கென்று தனித் தட்டு சொல்லாமல், உங்கள் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்து வையுங்கள். கூட்டம் சேருமுன் மாலை ஆறு மணிக்கே போய்விடுங்கள், ஏனென்றால் தூக்கக் கலக்கத்தில் எந்தப் பிள்ளையும் புதியதைத் தொடாது.

கோப்பிக்கடைச் சமையற்காரர்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரொட்டி சானாயைக் கூடவே வாங்கி வைத்தால் வேறு எதையும் பார்க்கமாட்டார்களே?

பேரன் பேத்தி எடுத்தவள்:
வைக்கத்தான் வேண்டும், தம்பி. பழகிய உணவு ஒன்று மேசையில் இருந்தால்தான் பிள்ளை பயமில்லாமல் பக்கத்துத் தட்டைப் பார்க்கும். முழு ரொட்டி வேண்டாம்; பாதி போதும்.

தோட்டத்துத் தாய்:
மிக்க நன்றி. என் மாமியார் சைவம். அவரையும் அழைத்துக்கொண்டு போகும்படியான இடம் உண்டா?

தாதி, பேராக்:
சீனர் சைவக் கடைக்குச் செல்லுங்கள், சகோதரி. பௌத்த வழக்கப்படி அங்கே பெரும்பாலும் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. அங்குள்ள போலி இறைச்சி சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்யப்படுவது. சிலவற்றில் முட்டை கலந்திருக்கும் என்பதால் மாமியாருக்காக அதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.